அகமதாபாத்தில் அன்று விழுந்தவையும் நம் கார் நிறுத்தும் தளமும்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்கங்களின் தலைவர், செயலர், பொருளாளர் பொறுப்புகளில் இருப்போருக்கு,

வணக்கம்.

லிஃப்ட் பராமரிப்பு, சம்ப் சுத்தம், பெயின்ட் செலவு, மெயின்டனன்ஸ் பாக்கி என்று பேசி முடிப்பதற்குள் ஆண்டுப் பொதுக்குழுவின் நேரம் தீர்ந்துவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்லித்தான் இந்த மடல். நம் எல்லோர் வீட்டையும் தாங்கி நிற்கும் தரைத்தளத் தூண்களைப் பற்றியது அது. கட்டடப் பொறியியல் படித்தவன் நான். இதே ஊரில் ஸ்டில்ட் பார்க்கிங் வைத்த, அதாவது தரைத்தளத்தில் சுவரில்லாமல் தூண்களுக்கிடையே கார் நிறுத்தும், குடியிருப்பில்தான் குடும்பத்தோடு இருக்கிறேன்.

2001 ஜனவரி 26, குடியரசு நாள், காலை 8.46. குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவில் பூமி அதிர்ந்தது. பூஜ், பச்சாவ், ராப்பர் எல்லாம் நொறுங்கின. அஞ்சாரில் குடியரசு நாள் ஊர்வலம் போன பள்ளிக் குழந்தைகள், குறுகிய தெருவின் இருபுறக் கட்டடங்களும் சரிந்ததில் மாண்டுபோனார்கள். அரசுக் கணக்கிலேயே இறந்தவர்கள் 13,800 பேருக்கு மேல். இவை அதிர்வின் மையத்தை ஒட்டிய ஊர்கள். நான் சொல்ல வந்தது அகமதாபாத்தைப் பற்றி.

மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த நகரம் அது. அங்கே பல மாடிக் குடியிருப்புகள் விழுந்து 700 பேருக்கு மேல் இறந்தார்கள். குடிசைகளோ பாழடைந்த பழைய வீடுகளோ அல்ல. படித்தவர்கள் கடன் வாங்கி வாங்கிய, கான்கிரீட் போட்ட, நான்கு மாடி, பத்து மாடி ஃப்ளாட்டுகள். சபர்மதி ஆற்றின் வண்டல் மண் அதிர்வைப் பெருக்கியது ஒரு காரணம். ஆனால் அதே மண்ணில், அதே தெருவில், பக்கத்துக் கட்டடம் நின்றது. விழுந்தவற்றில் மிகப் பலவற்றுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: கீழ்த்தளத்தில் சுவர் இல்லை. கார் நிறுத்துவதற்காகத் திறந்து விடப்பட்டு, வெறும் தூண்கள் மட்டும் நின்றன.

மாடிகளில் வீட்டுக்கு வீடு செங்கல் சுவர் இருக்கிறது. அந்தச் சுவர்கள் தூண்களோடு சேர்ந்து ஒவ்வொரு தளத்தையும் விறைப்பாக்கிவிடுகின்றன. பூமி பக்கவாட்டில் இழுக்கும்போது மேல்தளங்கள் மொத்தமும் ஒரே பெட்டியாக அசையும். வளைய வேண்டியது அத்தனையும் கீழ்த்தளத் தூண்களின் தலையிலும் காலிலும் வந்து சேரும். தலையில் பெருஞ்சுமையோடு நிற்பவரின் முழங்காலைத் தட்டிவிடுவதுபோலத்தான். சுமை கலையாது, கால்தான் மடங்கும். அகமதாபாத்தில் சில கட்டடங்களின் மேல்மாடிகள் அவ்வளவாகச் சிதையாமல் அப்படியே ஒரு தளம் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தன.

இது குஜராத்துக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 1994-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் ஒரே ஒரு குடியிருப்பு வளாகத்தின் கீழ்த்தளம் நசுங்கி 16 பேர் இறந்தார்கள். இப்படிக் கீழ்த்தளம் வலுவற்ற மரச்சட்டக் கட்டடங்களை அவற்றின் உரிமையாளர்கள் வலுப்படுத்தியே ஆக வேண்டும் என்று அந்த நகரம் 2015-இல் சட்டமே போட்டது. துருக்கியில் 2018-இல் விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பு வழங்கினார்கள். 2023 பிப்ரவரியில் அந்நாடு 50,000 பேருக்கு மேல் பறிகொடுத்தபோது முதலில் எழுந்த கேள்விகளில் அந்த மன்னிப்பும் ஒன்று. வரன்முறைப்படுத்தலுக்கு வரிசையில் நின்று பழகிய நாமும் இதை யோசிக்க வேண்டும். அபராதம் கட்டிய ரசீது தூணுக்குள் கம்பியாக மாறுவதில்லை.

"சென்னைக்கு எங்கே வரப்போகிறது?" என்று கேட்பீர்கள். 7.7 அளவு இங்கே வரும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பயமுறுத்துவது நேர்மையும் ஆகாது. ஆனால் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் 6 அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25 இரவு, பூஜ் நிலநடுக்கம் நடந்த அதே ஆண்டில், புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவில் அதிர்ந்து சென்னை மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். மகாராஷ்டிரத்தின் லாத்தூர், 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோரை இழக்கும்வரை, நாட்டிலேயே மிகக் குறைந்த அபாயம் உள்ள மண்டலத்தில்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் வரைபடம் மாறியது. ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க விதித்தொகுப்பின் 2002 பதிப்பு, அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னையை மூன்றாம் மண்டலத்துக்குக் கொண்டுவந்தது. மண்டல எண் கூடக்கூட அபாயம் கூடுதல். அகமதாபாத் இருந்ததும் மூன்றாம் மண்டலம்தான். அதே பதிப்பு, திறந்த கீழ்த்தளத்தின் தூண்களையும் பீம்களையும் சாதாரணக் கணக்கைப்போல் இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. அப்படியானால் அதற்கு முன்பு, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய ஸ்டில்ட் கட்டடங்கள் எந்தக் கணக்கில் நிற்கின்றன? அவற்றை வடிவமைத்தவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. அன்றைய விதி அவ்வளவுதான். இன்று அவற்றில் குடியிருப்பது நாம்.

ஒருமுறை கீழே போய்த் தூண்களைப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட் பிளந்திருக்கும். அதன்மேல் பூசி, பெயின்ட் அடித்து விடுகிறோம். உள்ளே துருப்பிடிப்பது நின்றுவிடாது. பைப் கொண்டுபோகத் தூணைக் கொத்திய இடங்கள் இருக்கும். வாட்ச்மேன் அறைக்காக ஒரு மூலையில் மட்டும் சுவர் எழுப்பியிருப்பார்கள். அந்தப் பக்கம் விறைப்பாகி, அதிர்வின்போது கட்டடமே முறுக்கிக்கொள்ளும். மொட்டைமாடியில் கூடுதலாக 10,000 லிட்டர் தொட்டி வைத்தால் கணக்கில் இல்லாத 10 டன் உச்சியில் ஏறிவிட்டது என்று பொருள்.

வெளியே தெரியாதது ஒன்றும் உண்டு. தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள். தூணும் பீமும் சேரும் இடத்தை ஒட்டி அவை 100 மி.மீ.க்குள் நெருக்கமாக இருக்க வேண்டும். முனைகள் 135 டிகிரி மடங்கி உள்ளே பதிந்திருக்க வேண்டும். 90 டிகிரியில் மடக்கிவிட்டால் அதிர்வில் ரிங் பிரிந்து கம்பி பிதுங்கிவிடும். கம்பி கட்டுபவருக்கு ஒரு ரிங்குக்குச் சில நொடி வேலைதான் கூடும்.

பழுது பார்க்க வழி இருக்கிறது. தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் உறை (ஜாக்கெட்டிங்) போடலாம், இருபுறமும் சமமாகச் சில இடங்களில் கான்கிரீட் சுவர் எழுப்பலாம், எஃகுக் குறுக்குச்சட்டம் கொடுக்கலாம். எது பொருந்தும் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். பூச்சு வேலைக்கு வரும் ஒப்பந்தக்காரரிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஓரிரு கார் இடம் போகலாம். அந்த இடத்துக்கு உரியவர் ஒருவரே இழப்பைத் தாங்காதபடி எல்லோரும் பகிர்ந்துகொள்வதுதான் நியாயம்.

"எப்படியும் இடித்துக் கட்டப்போகிறோமே" என்னும் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று சட்டம் வந்தபின் இது வேகம் பிடித்திருக்கிறது. எத்தனை சதுர அடி கூடும் என்று பில்டரிடம் கேட்கும் கூட்டத்திலேயே, ஸ்டில்ட் தளத்தில் ஷியர் வால், அதாவது பக்கவாட்டு விசையைத் தாங்கும் கான்கிரீட் சுவர், எங்கே வருகிறது என்றும் கேளுங்கள். அதைக் காட்டும் வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்றவர்கள் அடுத்த பொதுக்குழுவில் வைக்க, தீர்மானத்தின் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்: "நம் கட்டடத்தின் ஸ்ட்ரக்சுரல் வரைபடங்களைத் தேடி எடுக்கவும், தரைத்தளத் தூண்களைத் தகுதியுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கொண்டு சோதிக்கவும், அவர் தரும் அறிக்கையை எல்லா உரிமையாளர்களுக்கும் முழுமையாக அனுப்பவும், இதற்கான செலவைக் கார்பஸ் நிதியிலிருந்து எடுக்கவும் இப்பொதுக்குழு ஒப்புதல் அளிக்கிறது."

அன்புடன்,
உங்களைப்போல் ஒரு ஃப்ளாட்வாசி