பேரனுக்குக் கொடுக்கும் மருந்து பற்றி

பாலக்கோடு,
தருமபுரி மாவட்டம்.

அன்பு மகளுக்கு,

ஃபோனில் நீ அழுதுகொண்டே இருந்ததால் நான் பேச நினைத்தது எதுவும் வாயில் வரவில்லை. இதை நிதானமாகப் படி, கண்ணு.

குறைமாதத்தில் பிறந்த பேரனுக்கு மூச்சு சீராக வர, காபியில் இருக்கும் காஃபீனையே மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்றதும் எலி ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்திருக்கிறாய். நீ படித்தது பொய்யில்லை. 2013இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் தாய்ச் சுண்டெலிகளுக்குக் குடிநீரில் காஃபீன் கலந்து கொடுத்தார்கள். குட்டிகளின் மூளையில் ஒருவகை நரம்பணுக்கள் தாமதமாகத்தான் தம் இடம் போய்ச் சேர்ந்தன. குட்டிகளுக்கு வலிப்பு எளிதில் வந்தது, வளர்ந்த பிறகு நினைவாற்றலும் குறைந்தது. விலங்கியல் ஆசிரியனாக இருந்தவன், அதை ஒதுக்கித் தள்ளமாட்டேன்.

ஆனால் அந்த எலிகள் சினைப்படுவதற்கு முன்பிருந்து குட்டிகள் பால் மறக்கும்வரை குடித்தன. அந்தக் குட்டிகளுக்கு மூச்சுக் கோளாறும் இல்லை. குறைமாதத்தில் பிறந்த நம் பிள்ளைக்கோ மூச்சு நின்று நின்று வருகிறது. அடினோசின் என்ற பொருள் மூச்சை மந்தமாக்கும். காஃபீன் அதை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. பெரியவர்கள் உடலில் ஏறக்குறைய 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும் காஃபீன், கல்லீரல் முதிராத இவனுக்குள் பாதியாக மூன்று நான்கு நாள் பிடிக்கும். தினம் ஒரு வேளை மட்டும் கொடுப்பது அதனால்தான்.

குழந்தைகளிடமே நடந்த சோதனையைப் பார். 500 முதல் 1250 கிராம் எடையில் பிறந்த 2006 குழந்தைகளில் ஒரு பாதிக்குக் காஃபீன், மறு பாதிக்கு வெறும் உப்பு நீர். ஒன்றரை வயதைக் கடந்தபோது மூளை முடக்குவாதம் உப்பு நீர் பெற்றவர்களில் 7.3 சதவீதம், காஃபீன் பெற்றவர்களில் 4.4. பதினோரு வயதில் பரிசோதித்தபோதும் கை கால் அசைவுக் குறைகள் காஃபீன் பெற்றவர்களிடம் குறைவு. படிப்பிலும் நடத்தையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எலிக் குட்டிகளைவிட அந்தப் பதினோரு வயதுப் பிள்ளைகளைத்தான் நான் நம்புவேன்.

நீ குடித்த காபியை இதோடு முடிச்சுப் போடாதே. நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போனால்தான் கர்ப்பிணிகளைக் குறைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உன் ஒரு தம்ளர் அதற்கு வெகு கீழே.

டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேள்: எப்போது நிறுத்துவார்கள்? நிறுத்திய பிறகு எத்தனை நாள் மூச்சைக் கவனிப்பார்கள்? இதயத் துடிப்பு கூடினால் என்ன செய்வார்கள்?

அம்மாவிடம் கேழ்வரகு மாவு கொடுத்தனுப்பியிருக்கிறேன், கூழ் காய்ச்சிக் குடி. தக்காளிப் பறிப்பு முடிந்ததும் நானும் வருகிறேன். மாப்பிள்ளையிடமும் இதைக் காட்டு.

அன்புடன்,
அப்பா