லாட் நம்பர் போடுங்கள்: கருவாட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தேவிபட்டினம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று இந்த ராமநாதபுரக் கரை நெடுகக் கருவாடு போட்டு விற்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களின் தலைவிகளுக்கும், கணக்கு எழுதும் தங்கச்சிமார்களுக்கும் வணக்கம்.

பன்னாட்டுக் கம்பெனி மாதிரித் தொழில் செய்யுங்கள் என்று பயிற்சிக்குப் போகிற இடமெல்லாம் உங்களுக்குச் சொல்கிறார்கள். கேட்டு வந்ததும் முதல் பணம் நாலு கலர் பைக்குப் போகிறது. அந்த அச்சுக்குக் கலருக்கு ஒரு சிலிண்டர் (அச்சு உருளை) வெட்ட வேண்டும், அதனால் ஆயிரக்கணக்கில்தான் ஆர்டர் எடுப்பார்கள். முகவரியோ விலையோ மாறினால் மிச்சப் பை அத்தனையும் குப்பைதான். வெறும் பையும் ஸ்டிக்கரும் போதும். ஸ்டிக்கரில் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த நாள், எம்ஆர்பி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் எதுவும் விட்டுப்போகக் கூடாது. அதோடு லாட் நம்பர், அதாவது ஒன்றாகப் பதப்படுத்திய சரக்குக்கு ஒரே அடையாள எண். இந்த மடலே அதற்காகத்தான்.

பெரிய கம்பெனி முறை இந்தக் கடலுக்குப் புதிதல்ல. 2000-களின் தொடக்கத்தில் பெப்சிகோ இங்கே கடல்பாசி வளர்ப்பைக் கொண்டுவந்தது. பிறகு அந்தத் தொழில் வேறு கைக்கு மாறியது. ஆனால் 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் மிதவை, 45 நாளில் அறுவடை என்ற கணக்கு இங்கேயே தங்கிவிட்டது. அப்படித் தங்குகிற மாதிரி ஒன்றைத்தான் கருவாட்டுக்கும் கேட்கிறோம்.

ஒரே நாளில், ஒரே ஏலத்தில் எடுத்து, ஒரே தொட்டியில் உப்பிட்ட ஒரே வகை மீன் ஒரு லாட். மார்ச் 12-ல் இரண்டாம் தொட்டியில் போட்ட சாளை என்றால் 'சா-1203-2'. தொட்டியிலிருந்து வலைத்தட்டு, தட்டிலிருந்து பெட்டி, கடைசியில் ஸ்டிக்கர் என்று இந்த நம்பர் மீனோடு கூடவே போக வேண்டும். காகிதச் சீட்டு உப்புத் தண்ணீரில் கரைந்துவிடும். உடைந்த பிளாஸ்டிக் வாளியைத் துண்டு போட்டு, ஓட்டை குத்தி, அழியாத மார்க்கரில் எழுதித் தங்கூசி (நைலான்) நரம்பில் கோத்துத் தொட்டி விளிம்பில் தொங்கவிடுங்கள்.

நோட்டில் லாட்டுக்கு ஒரு பக்கம். மீன் கரைக்கு வந்த நேரம், எடை, ஐஸ் இருந்ததா, உப்பு எந்த மூட்டை, எத்தனை கிலோ, காயப்போட்ட நாள், எடுத்த நாள், தேறிய எடை, எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட். அந்தந்த நேரத்தில் நின்றபடியே எழுத வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து வாரக் கணக்கை ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லா லாட்டிலும் ஒரே நேரம், ஒரே உப்பு என்று வரும். ஆய்வுக்கு வருகிறவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

தேறிய எடையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், ஒரு லாட்டில் 11 கிலோ தேறியதாக நோட்டு சொல்லி, அதே நம்பரில் 13 கிலோ விற்றிருந்தால், எங்கோ பழைய மிச்சம் கலந்திருக்கிறது. ஒரு கடையிலிருந்து புகார் வந்தால் எந்தெந்தப் பாக்கெட்டைத் திரும்ப எடுப்பது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது, மொத்தச் சரக்கையும் எடுக்க வேண்டி வரும். லாட்டுக்கு ஒரு பாக்கெட்டை விற்காமல், அதன் கெடு முடியும்வரை வைத்திருப்பதும் கம்பெனிகளின் வழக்கம். புகார் வந்த பாக்கெட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கெட்டது உங்கள் கொட்டகையிலா கடைக்காரரின் ஈரத் தரையிலா என்று ஓரளவு பிடிபடும்.

ஹெச்ஏசிசிபி என்ற உணவுப் பாதுகாப்பு முறையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். 1960-களில் விண்வெளி வீரர்களின் சாப்பாட்டுக்காக நாசாவும் பில்ஸ்பரி கம்பெனியும் சேர்ந்து உருவாக்கிய முறை அது. கடைசியில் பாக்கெட்டைப் பிரித்துச் சோதிப்பதைவிட, கெடக்கூடிய இடங்களில் முன்கூட்டியே காவல் நில் என்பதுதான் அதன் சாரம். கருவாட்டில் அப்படி மூன்று இடங்கள்.

முதலாவது ஐஸ். சூரை, கானாங்கெளுத்தி, சாளை, நெத்திலி இவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் ஊறும். பிறகு உப்பிட்டாலும், காயவைத்தாலும், குழம்பில் கொதிக்கவிட்டாலும் அது போகாது. சாப்பிட்டவருக்குச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். ஐஸ் காணாமல் வந்த மீன் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இரண்டாவது உப்பு. கையால் அள்ளிப் போடாதீர்கள், தராசில் நிறுங்கள். 20 கிலோ மீனுக்கு 5 கிலோ. உப்பளப் பாத்தியிலிருந்து அன்றே வந்த புது உப்பில் மக்னீசியம் அதிகம். கருவாடு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். குவித்து வைத்து, கசப்பு நீர் வடிந்த பழைய உப்பைக் கேட்டு வாங்குங்கள். கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் பூப்பது உப்போடு வரும் கிருமி. ஒரு தொட்டி உப்புத் தண்ணீரை அடுத்த தொட்டிக்கு ஊற்றினால் அதுவும் கூடவே போகும்.

மூன்றாவது காயவைப்பது. சீலா, பாறை மீன் துண்டங்கள் உச்சி வெயிலில் மேலே இறுகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். சாயங்காலம் குவித்துப் பாரம் வைத்து, மறுநாள் மறுபடி விரியுங்கள். ஒரே தட்டைக் காலையும் மாலையும் நிறுத்து, எடை இறங்குவது நிற்கும்வரை பையைத் தொட வேண்டாம். வெயில் சூட்டோடு பையில் அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், இரவு ஆறவிட்டு அடையுங்கள். ஈரம் போகாத கருவாட்டைக் காற்றுறிஞ்சிப் (வாக்குவம்) பையில் அடைப்பது இன்னும் ஆபத்து. காற்றில்லாத இடத்தில்தான் வளரும் விஷக்கிருமி ஒன்று இருக்கிறது.

கம்பெனிகளிடமிருந்து எடுக்கவே கூடாத பழக்கம், சரக்கை வாங்கிவிட்டு 90 நாள் கழித்துப் பணம் தருவது. ஏலத்தில் மீன் தந்த வள்ளக்காரருக்கும், மீன் அறுத்துக் கழுவுகிற பெண்களுக்கும் அந்தப் பாடத்தைத் திருப்பிச் செய்யாதீர்கள். அவர்கள் வீட்டு அடுப்பு அன்றன்றைக்கு எரிய வேண்டும். உங்களுக்கே கடைக்காரர் இழுத்தடித்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் துணை நிற்கும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் மாதக் கூட்டு வட்டி. இதைக் கேட்க உத்யம் பதிவு (குறு, சிறு தொழில் என்று மத்திய அரசிடம் செய்யும் பதிவு) வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. சரக்கு இறக்கிய நாளும் கடைக்காரர் கையெழுத்தும் உள்ள சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், வரத்து குறையும். அந்த 61 நாளில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, கடையிலிருந்து யாராவது ஒரு பாக்கெட்டை எடுத்து வந்து நம்பரைப் படிக்கட்டும். அந்த மீன் எந்த ஏலத்தில் வந்தது, எந்த உப்பு, அதே லாட்டின் மற்றப் பாக்கெட்டுகள் எங்கே என்று ஒரு மணி நேரத்துக்குள் நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா பாருங்கள். எந்த வரியில் நின்றுபோகிறதோ, தடை முடிந்து படகு இறங்குவதற்குள் அந்த வரியை நோட்டில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மீன் பதப்படுத்தும் தொழிலில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவர்கள்,
மண்டபம்