மூன்றாம் பருவம், மல்லிப்பூ, உரப் பொட்டலம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

மூன்றாம் பருவம் முடியப் போகிறது. ஆண்டு விழா நல்லபடியாக நடந்தது, குறுவட்டப் போட்டிகளில் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள், சின்ன வகுப்புகளில் வாசிப்பு நன்றாகத் தேறியிருக்கிறது. எல்லோருக்கும் பாராட்டுகள். தேர்வு அட்டவணை வகுப்பாசிரியர் மூலம் வந்து சேரும்.

இந்த வெயிலிலும் நம் தோட்டம் பூத்துக் கிடப்பதைப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும்போது பார்த்திருப்பீர்கள். குண்டுமல்லிக்கு இதுதான் பருவம், மார்ச்சில் மொட்டுவிடத் தொடங்கினால் ஜூன் வரை ஓயாது. மதில் ஓரத்துக் காகிதப்பூவுக்குத் தண்ணீர் கொஞ்சம் குறைந்தால்தான் பூ கொத்துக் கொத்தாக வருகிறது. டேபிள் ரோஸ் வெயில் ஏறியதும் விரிந்து சாயங்காலத்துக்குள் சுருங்கிவிடும், அதைப் பார்க்கவே இடைவேளையில் கூட்டம் கூடுகிறது. வெள்ளிக்கிழமை காலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மல்லி மொட்டு பறித்துத் தொடுத்து ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சரம் கொடுக்கிறார்கள். காலையில் பறித்த மொட்டு சாயங்காலம்தான் விரியும் என்பதால் அதன் மணம் உங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேர்கிறது.

சரி, இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கொரு தொட்டி என்று பிள்ளைகளிடம் ஒப்படைத்ததிலிருந்து, தங்கள் செடி முதலில் பூக்க வேண்டும் என்ற ஆசையில் வீட்டிலிருந்து உரம் கொண்டுவருகிறார்கள். நீங்களும் ஆசையாகத்தான் கொடுத்தனுப்புகிறீர்கள், அது எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் விவசாயம் பார்க்கிறவர்கள், வயலுக்கு என்ன போட வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தொட்டி வயல் இல்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். வயலில் அது பரவிப் போகும். ஒரு வாளி மண் கொள்ளும் தொட்டியில் ஒரு கைப்பிடி போட்டால், அந்த உரம் வேரிலிருக்கும் ஈரத்தையே வெளியே இழுத்துவிடும். நான்காம் வகுப்பு வராந்தாவில் நின்ற செம்பருத்தி அப்படித்தான் போனது. முதலில் இலை ஓரம் பழுப்பேறிக் கருகியது, அப்புறம் மொட்டெல்லாம் விரியாமலே உதிர்ந்தது, தண்டைச் சுற்றி மண்ணைக் கிளறினால் கரையாத வெள்ளை மணிகள். சாகாமல் தப்பிய செடிகளும் இலையாகத் தழைத்து நிற்கின்றனவே தவிர, பூவைக் காணோம். தழைச்சத்து மிஞ்சினால் அப்படித்தான் ஆகும்.

செடி போனால் இன்னொன்று வைத்துக்கொள்ளலாம். என் கவலை அது இல்லை. யூரியா பார்க்க ஜவ்வரிசி போல இருக்கிறது. அதைக் காகிதத்தில் மடித்து, சாப்பாட்டு டப்பா இருக்கும் அதே பையில் வைத்து அனுப்புகிறீர்கள். சென்ற வாரம் இரண்டாம் வகுப்பில் ஒரு பொட்டலம் பைக்குள்ளேயே பிரிந்து தட்டெல்லாம் ஒட்டியிருந்தது, பக்கத்தில் இருந்த பிள்ளை சர்க்கரை என்று நினைத்து விரலால் தொட்டுவிட்டாள். ஆசிரியை பார்த்துக் கையைப் பிடித்ததால் வாயில் போகவில்லை.

ஆகவே ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். இனி யூரியா, டிஏபி, காம்ப்ளக்ஸ் என்று எந்த ரசாயன உரமும் பிள்ளைகளின் பையில் வரக்கூடாது. பூச்சிமருந்து ஒரு சொட்டுகூட வரக்கூடாது, குடித்து முடித்த குளிர்பான பாட்டிலில் ஊற்றி அனுப்புவது அதைவிட ஆபத்து. வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு உங்களைத்தான் அழைப்போம். பிள்ளையைத் திட்ட மாட்டோம், கொடுத்தனுப்பியது நீங்கள். இதில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

செடிக்கு என்னதான் கொடுப்பது என்று கேட்பீர்கள். நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ மாதம் ஒரு தடவை இரண்டு கைப்பிடி போதும், பச்சைச் சாணம் வேண்டாம், சூடு. கடலைப் புண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் மல்லிக்கும் செம்பருத்திக்கும் அருமையாக இருக்கும், நாற்றம்தான் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த பஞ்சகவ்யம் வைத்திருப்பவர்கள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். டீத்தூளைப் பாலும் சர்க்கரையும் போக அலசிக் காயவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு குடிவந்துவிடும். உப்புப் போடாத அரிசி கழுவிய தண்ணீரும் நல்லது. எதைக் கொடுத்தாலும் காய்ந்த மண்ணில் கொடுக்காதீர்கள், முதலில் தண்ணீர் விட்டு மண் நனைந்த பிறகுதான். வாடித் துவண்ட செடிக்கு வேண்டியது தண்ணீரும் நிழலும், உரம் இல்லை. உச்சி வெயிலில் எதையும் ஊற்ற வேண்டாம்.

இவற்றையும் பிள்ளைகளிடம் கொடுக்காமல், வரும்போது நீங்களே கொண்டுவந்து கொடுத்தால் தோட்டத்து அறையில் வைத்து அளந்து போடச் சொல்லித்தருகிறோம். அளப்பதும் பாடம்தானே. விடுமுறைக்குத் தொட்டியை வீட்டுக்கு எடுத்துப்போக விரும்புகிறவர்கள் கடைசித் தேர்வு அன்று எடுத்துப்போகலாம். மண்ணின் மேல் காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார் பரப்பி வைத்தால் ஈரம் நிற்கும்.

இந்தத் தோட்டம் உங்களால் வந்தது. செம்மண் இறக்கிக் கொடுத்தவர்கள், வீட்டு மல்லியில் பதியன் போட்டுத் தந்த பாட்டிகள், தண்ணீர் வராத நாளில் குடத்தோடு வந்து ஊற்றிய அம்மாக்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கண்டிப்பாக எழுதிவிட்டேன் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம், கேட்க ஏதாவது இருந்தால் மாலையில் பள்ளி விடும் நேரத்தில் வாருங்கள், பேசலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்