பின்பலகையைத் திறந்து பாருங்கள், அண்ணே

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை பைபர் படகு பழுது பார்க்கும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். சுனாமிக்கு அப்புறம் வந்த படகு என்னுடையது. இன்னும் அதில்தான் கடலுக்குப் போகிறோம். போன வருடம் இன்ஜினை முடுக்கும்போதெல்லாம், அது மாட்டியிருக்கும் பின்பலகை அசைந்தது. பட்டறையில் விட்டேன். மேலே மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பு இரண்டு ஒட்டி, அதை இறுக்கும் ரெசின் பசை பூசி, பெயிண்ட் அடித்து மறுநாளே கொடுத்துவிட்டார்கள். நாலு மாதத்தில் போல்ட் ஓட்டையைச் சுற்றி மறுபடி விரிசல். கிரைண்டர் வைத்து உட்பக்கத்தை அறுத்துப் பார்த்தேன். உள்ளே பிளைவுட் கறுத்துப்போய், விரலால் தோண்டினாலே ஈரத்தோடு பிய்ந்து வந்தது.

பைபர் மக்காது. இரண்டு பைபர் தோலுக்கு நடுவில் இருக்கும் மரம் மக்கும். போல்ட் ஓட்டை, தண்ணீர் வடியும் ஓட்டை, பலகையின் மேல் விளிம்பு, இந்த மூன்று வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது. ஈரமான மரத்தில் ரெசின் பிடிக்காது. மேலே மேட் ஒட்டினால் தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரிதான். ஏறக்குறைய 40 கிலோ இன்ஜின் அந்தப் பலகையில் தொங்குகிறது. தொங்குவதோடு, படகையே அதுதான் தள்ளுகிறது. நடுக்கடலில் அது பிய்ந்தால் இன்ஜின் மட்டுமா போகும்?

சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், மக்கிய இடம் சொத்தென்று கேட்கும். சந்தேகம் இருந்தால் உட்பக்கம் சின்ன ஓட்டை போடுங்கள். தூள் ஈரமாகக் கறுத்து வந்தால் திறந்தே ஆக வேண்டும். வெளித்தோலை விட்டுவிட்டு உட்தோலை மட்டும் அறுத்தால் படகின் வடிவம் கெடாது. மக்கியதை முழுக்கச் சுரண்டி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். அவசரப்படும் இடம் இதுதான், தயவுசெய்து இங்கே அவசரப்படாதீர்கள். பழைய கனத்துக்கே ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போடுங்கள், விளிம்பெல்லாம் எபாக்சி ரெசின் குடிக்கட்டும். பழைய பைபரில் பாலியஸ்டர் ரெசினைவிட எபாக்சி நன்றாகப் பிடிக்கும். விலை கூடத்தான், நாங்கள் தருகிறோம். மேலே போடும் மேட் அடிப்பகுதியிலும் பக்கங்களிலும் ஒரு சாண் ஏறட்டும். போல்ட் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, கெட்டியான எபாக்சியால் அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவில் சரியான அளவுக்குத் துளையுங்கள். அப்போது போல்ட் வழியே தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும். வெயில் நன்றாக அடிக்கும் அந்த நாளில்தான் எங்கள் மீனுக்கு விலை கிடைக்கும். படகை நிறுத்த மனம் வராமல் "நாளைக்கே கொடு" என்று நாங்கள்தான் நெருக்குகிறோம். இனி ஒரு வாரம் என்று சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதுப் பலகை வைத்து மூடுவதற்கு முன்னால் படகுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். ராத்திரியானாலும் வந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
எண்ணூர் பக்கத்துப் படகுக்காரன் ஒருவன்