கம்பி கழற்றினால் வேலை முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்லுக்குப் போட்ட கம்பியைக் கழற்றிக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு வந்தால், ‘அப்பாடா, முடிஞ்சுது’ என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் பல்லைப் பிடித்துவைத்திருந்த ஒன்று இல்லாமல் போவது அன்றைக்குத்தான். வேரைச் சுற்றியுள்ள எலும்பும் நாரும் புதிய இடத்தில் இறுக 3, 4 மாதமாகும். முரசுக்குள் இருக்கும் நார்களுக்கு ஒரு வருடம்வரை தேவை. இழுத்த றப்பர் போல அவை பல்லைப் பழைய பக்கத்துக்கே இழுக்கும். முறுகிக் கிடந்து திருப்பிய பல்தான் முதலில் திரும்பும். கீழ் முன்பற்களோ, கம்பியே போடாதவர்களுக்கும் வயது போகப்போக நெருங்கும்.

இதற்காகத்தான் ரிட்டெய்னர், அதாவது கம்பி கழற்றிய பிறகு பல்லைப் புதிய இடத்திலேயே பிடித்துவைக்கும் கருவி. சாப்பாட்டுக்கும் பல் தீட்டவும் கழற்றுவதைத் தவிர, முதல் 3 முதல் 6 மாதம் நாள் முழுக்கப் போடச் சொல்லும் வைத்தியர்களும் உண்டு; தொடக்கத்திலேயே இரவு மட்டும் போதும் என்பவர்களும் உண்டு. உங்கள் வைத்தியர் சொன்ன மணித்தியாலம்தான் உங்களுக்குக் கணக்கு, அயல்வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னதல்ல. அந்தக் காலம் முடிந்த பிறகும் பல் நேராக இருக்கவேண்டிய காலமெல்லாம் இரவில் போடத்தான் வேண்டும்.

ரிட்டெய்னர் கெட்டுப்போவது பெரும்பாலும் வெப்பத்தாலும் கவனக்குறைவாலும்தான். கண்ணாடிபோலத் தெளிந்த வகை, சூடாக்கி அச்சில் அழுத்தி எடுத்த பிளாஸ்ரிக். கிருமி சாகட்டும் என்று கேத்தல் தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் உருக்குலைந்துவிடும். வெயிலில் நிற்கும் ஓட்டோவின் முன்தட்டும், மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழுள்ள பெட்டியும் அதற்கு ஆகாத இடங்கள். வளைந்ததைப் பல்லில் அழுத்திப் போட்டால் பல்லும் அதன் போக்கில் நகரும்.

தொலைந்துபோவதன் கதை எல்லா இடத்திலும் ஒன்றுதான். பாடசாலையில் பார்சலைப் பிரிக்கும்போது கழற்றி லஞ்ச் சீற்றின் ஓரத்தில் வைப்பார்கள். சாப்பிட்டு முடிந்ததும் சீற்றோடு சேர்ந்து அது குப்பைக்குப் போகும். ரிசுவில் சுற்றி வைத்தாலும் அதே கதிதான். வாயில் இல்லையென்றால் பெட்டியில், வேறெங்கும் வேண்டாம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனாலும் பெட்டி கூடவே போகவேண்டும். முல்லைத்தீவுக் கடலில் குளிக்கும்போதும் கரப்பந்து விளையாடும்போதும் கழற்றிவிடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் பெட்டியை உயரத்தில் வையுங்கள். எச்சில் மணத்துக்கு நாய் அதைத் தேடி வந்து கடிக்கும்.

போடும்போது விரலால் அழுத்தி இருத்துங்கள், கடித்து இருத்தவேண்டாம். கழற்றும்போது இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களிலிருந்தும் மாறிமாறிக் கிளப்புங்கள். ஒரே பக்கத்தால் இழுத்தால் தெளிந்த வகை வெடிக்கும். இன்னொரு வகையான, கம்பி வைத்த பிளேட்டை முன்பல்லுக்கு மேலால் ஓடும் கம்பியில் பிடித்து இழுத்தால் அந்தக் கம்பி வளைந்து, பிடிப்பு தளர்ந்துவிடும்.

கழுவுவதற்குப் பச்சைத்தண்ணீர், மென்மையான பிரஷ், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் போதும். பற்பசை வேண்டாம், அதிலுள்ள மணல்போன்ற பொருள் கீறல் போடும், கீறலுக்குள் அழுக்கும் மணமும் குடியேறும். இரவில் போடமுன் பல்லையும் தீட்டுங்கள். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கேத்தலில் வெள்ளைப் படிவு விடுவது எல்லோருக்கும் தெரியும். எச்சிலின் சுண்ணாம்போடு அதுவும் சேர்ந்து ரிட்டெய்னரில் படியும். ஒரு பங்கு வினாகிரியும் ஒரு பங்கு தண்ணீரும் கலந்து கிழமைக்கு ஒருமுறை 15 நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசினால் படிவு இளகும். பார்மசியில் கிடைக்கும் பல் செற் கழுவும் மாத்திரையும் பாவிக்கலாம். கிணற்றுக்குப் போடும் குளோரினைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், கம்பி அரித்துப்போகும்.

ரிட்டெய்னர் வாயில் இருக்கும்போது தண்ணீரைத் தவிர எதுவும் குடிக்கவேண்டாம். சீனி போட்ட தேநீரும் சோடாவும் அதற்குள் தேங்கினால் எச்சிலால் கழுவமுடியாது, பல் சூத்தையாகும். வெற்றிலையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

சில நாள் போடாமல் விட்டுத் திரும்பப் போடும்போது இறுக்கமாக இருந்தாலும் முழுதாக உட்கார்ந்தால், ஒரு சில நாள் கூடுதல் நேரம் போடுங்கள். உட்காரவே இல்லையென்றால் அமுக்கவேண்டாம், சுரண்டவேண்டாம், உடைந்ததைச் சுப்பர் குளூவால் ஒட்டவும் வேண்டாம். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் அன்றே தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.

கழற்றமுடியாத ரிட்டெய்னரும் உண்டு; பல்லின் உட்பக்கத்தில் ஒட்டிய அந்தக் கம்பியில் ஆபத்து வேறு மாதிரி. ஒரு பல்லில் மட்டும் பசை கழன்றுவிட்டால் நோவாது, கம்பியும் விழாது. அந்தப் பல் மட்டும் மெல்ல விலகும். மாதம் ஒருமுறை கண்ணாடியில் பார்த்து, நகத்தால் ஒவ்வொரு பல்லிலும் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். கம்பி வளையாமல் பசை மட்டும் விட்டிருந்தால் எந்தப் பல் வைத்தியரும் திரும்ப ஒட்டலாம். வளைந்த கம்பியை அப்படியே ஒட்டினால் அது பல்லைத் தள்ளத் தொடங்கும். அதற்குக் கம்பி போட்ட வைத்தியரிடமே போகவேண்டும்.

கம்பி போடும் வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள். வன்னியிலிருந்து யாழ்ப்பாணமோ கொழும்போ வந்து போகிறவர்களுக்கு, தொலைந்த ரிட்டெய்னருக்காக இன்னொரு நாள் வருவதென்றால் ஒருநாள் கூலியும் பஸ் காசும் போகும். முடியுமானால் தொடக்கத்திலேயே இரண்டு செய்து கொடுங்கள். ரிட்டெய்னர் செய்யப் பாவித்த பல்லின் சாந்து அச்சையும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். பல் நகராவிட்டால் அதே அச்சில் இன்னொன்று செய்யலாம். எந்த வகை, எத்தனை மணித்தியாலம், எந்தத் திகதியில் கொடுத்தது என்பவற்றைக் கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதிவிட்டால், ஊர் ஆஸ்பத்திரியின் பற்சிகிச்சை அறையில் இருப்பவரும் அதைப் பார்த்துத் தொடரலாம்.

பற்சிகிச்சைப் பணியாளர்கள் சிலர்,
கிளிநொச்சி.