நூய் டாட் சிப்பாயின் மூட்டையும் மனுவும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி. இங்கும் குறையொன்றுமில்லை, குளிர்தான் இந்த வருடம் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

லாங் டான் சண்டையைப் படித்துவிட்டு, "வியட்நாமில் ஆஸ்திரேலியக் காலாட்படைக்காரன் தினமும் இப்படித்தான் சண்டை போட்டானா?" என்று கேட்டிருந்தாய். இல்லை. 1966 ஆகஸ்ட் 18 அன்று ரப்பர் தோட்டத்தில், கொட்டும் மழையில், 108 பேர் பெரும்படை ஒன்றைத் தாக்குப்பிடித்தார்கள். ஆஸ்திரேலியத் தரப்பில் 18 பேர் செத்தார்கள். பெரும்பாலான சிப்பாய்களின் வருடத்தில் அப்படி ஒரு நாள் வரவே இல்லை. அவர்கள் நடந்தார்கள், சுமந்தார்கள், புதரில் படுத்துக் காத்துக் கிடந்தார்கள். பிற்காலத்தில் அவர்களைப் படுத்தியதும் பெரும்பாலும் இந்தச் சாதாரண நாட்கள்தான்.

ஆள் எப்படி அங்கே போனான் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 20 வயது நிரம்பும் ஆண்கள் பெயர் பதிய வேண்டும். பிறந்த தேதிகளுக்கு எண் போட்ட கோலிகளை உருளையில் போட்டுச் சுற்றி எடுப்பார்கள். 1965 மார்ச்சில் முதல் குலுக்கல். உன் தேதி விழுந்தால் இரண்டு வருடம் ராணுவம். அப்படி அழைக்கப்பட்டவர்கள் சுமார் 64,000 பேர், அவர்களில் வியட்நாம் போனவர்கள் 15,000க்கும் மேல். பட்டாளத்தில் அவர்களுக்கு 'நாஷோ' என்று பெயர். அடிப்படைப் பயிற்சி, காலாட்படைப் பயிற்சி, ஆஸ்திரேலியாவின் கனுங்ராவில் காட்டுப் பயிற்சி எல்லாம் முடித்து ஃபுவோக் துய் மாகாணத்தின் நூய் டாட் முகாமில் இறங்கினால், பொதுவாக 12 மாதம்.

இனி மூட்டை. ரோந்து போகும்போது முதுகில் ஏறுவது 30 கிலோவுக்குக் குறையாது. அதில் கனமானது வெடிமருந்து என்று நினைப்பாய். கோடையில் தண்ணீர்தான் கனம். லிட்டர் அளவுக் குடுவைகள் ஆறோ எட்டோ தூக்குவார்கள். ஓடைத் தண்ணீர் கிடைத்தால் சுத்திகரிப்பு மாத்திரை போட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். தாகத்தில் பொறுக்காதவனுக்கு வயிற்றுப்போக்கு. மலேரியாவுக்குத் தினமும் பாலுட்ரின் மாத்திரை. அதற்கு மசியாத மலேரியா பரவியதும் 1968 வாக்கில் டாப்சோனையும் சேர்த்தார்கள். கால் எப்போதும் ஈரம், தொடையிடுக்கில் படை. உள்ளாடை போட்டால் உராய்ந்து புண்ணாகும் என்று பலர் போடவே மாட்டார்கள்.

துப்பாக்கி எஸ்.எல்.ஆர்., 7.62 மி.மீ., மேகசினில் 20 தோட்டா. சுட்டதும் குழலிலிருந்து கொஞ்சம் வாயு பிரிந்து பிஸ்டனைத் தள்ளும். அந்த வேகத்தில்தான் காலிக் கூடு வெளியே தெறித்து அடுத்த தோட்டா ஏறும். எவ்வளவு வாயு பிஸ்டனுக்குப் போகாமல் வெளியே கசியலாம் என்பதை ஒரு சிறு வளையத்தைத் திருகி வைப்பார்கள். வாயு போதாவிட்டால் கூடு முழுசாக வெளியேறாமல் சிக்கும். அதனால் வளையத்தைத் திறந்து வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு 'க்ளிக்'காக மூடிக்கொண்டே வந்து, துப்பாக்கி ஒழுங்காக ஓடும் இடத்திலிருந்து மேலும் இரண்டு க்ளிக் மூடிவிட வேண்டும். அந்த இரண்டு, காட்டில் சேரப்போகும் கரிக்கும் மண்ணுக்கும் சேர்த்து வைத்தது. ஒரேயடியாக மூடிவிட்டாலும் வம்பு: உதை பலமாகும், பாகங்கள் தேயும்.

செக்‌ஷன் என்ற சிறு குழுவுக்கு ஒரு எம்-60 இயந்திரத் துப்பாக்கி. அதன் 100 தோட்டா பெல்ட் சுமார் 3 கிலோ, அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சுமப்பார்கள். சினிமாவில் போல மாலையாகப் போட்டால் சேறும் துருவும் ஏறி சண்டை நேரத்தில் சிக்கிக்கொள்ளும். அந்த எம்-60இன் பிஸ்டனைத் தலைகீழாகப் பொருத்தவும் முடியும். பொருத்திவிட்டால் ஒரு தோட்டா போகும், அடுத்தது போகாது. இதை வடிவமைத்தவரை இருட்டில், மழையில், நடுங்கும் கையோடு ஒருமுறை பூட்டச் சொல்லியிருக்க வேண்டும்!

எல்லாவற்றையும்விட அவன் பயந்தது கண்ணிவெடிக்கு. 1967இல் ஆஸ்திரேலிய ராணுவமே டாட் டோ என்ற ஊரிலிருந்து கடற்கரை வரை 11 கி.மீ. வேலி போட்டு 20,000க்கும் அதிகமான எம்-16 வெடிகளைப் புதைத்தார்கள். மிதித்தால் இடுப்பு உயரத்துக்கு எகிறி வெடிக்கும் ரகம். கண்ணிவெடி வேலி என்றால் யாராவது இரவும் பகலும் காவல் காக்க வேண்டும், இது பாலபாடம். அங்கே காவல் சரியாக இல்லை. எதிராளிகள் தோண்டி எடுக்கக் கற்றுக்கொண்டு, ஆஸ்திரேலியர் நடக்கும் பாதையிலேயே திரும்பப் புதைத்தார்கள். தன் ராணுவம் புதைத்த வெடியிலேயே கால் போனவர்கள் பலர். அந்தப் போரில் இந்த முடிவை மட்டும் எனக்கு ஜீரணிக்கவே முடிவதில்லை.

திரும்பி வருவது சட்டென்று முடிந்துவிடும். சிலர் 'சிட்னி' கப்பலில் வந்தார்கள், பலர் விமானத்தில். காட்டிலிருந்து வந்து ஓரிரு நாளில் சொந்தத் தெருவில் நிற்பான். விடுவிப்பு மருத்துவப் பரிசோதனையில் "எந்தக் குறையும் இல்லை" என்று சொல்லிவிடுவான், சொன்னால்தானே சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார்கள்! முப்பது வருடம் கழித்துக் காது மந்தமாகி, முதுகும் முட்டியும் போய் அரசிடம் நிவாரணம் கேட்டு மனுப் போடும்போது அந்த ஒரு வரி குறுக்கே வந்து நிற்கும்.

நீ கேட்ட நிவாரண முறை இதுதான். 1986ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் படைவீரர் உரிமைச் சட்டப்படி, போர்க்களச் சேவை செய்தவனுக்குச் சலுகை உண்டு: நோய்க்கும் சேவைக்கும் தொடர்பிருப்பதாக நியாயமான ஒரு கருதுகோள் இருந்தால், அது பொய் என்று சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்புக்குத் தெளிவானால்தான் மறுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1994க்குப் பிறகு ஒவ்வொரு நோய்க்கும் ஏற்கத்தக்க காரணங்களை மருத்துவ ஆணையம் ஒன்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. முதலில் டாக்டரிடம் நோயின் சரியான பெயரை வாங்க வேண்டும், "முதுகுவலி" என்றால் செல்லாது. பிறகு பட்டியலில் ஒரு காரணமாவது பொருந்த வேண்டும், அது சேவையில் நேர்ந்தது என்றும் காட்ட வேண்டும்.

உதாரணத்துக்குச் சிகரெட்டை எடுத்துக்கொள். அமெரிக்கப் பட்டாளத்தின் சி-ரேஷன் உணவுப் பொட்டலத்தில் நாலு சிகரெட் இருக்கும். ஆஸ்திரேலியர்களும் அதைச் சாப்பிட்டார்கள், புகைத்தார்கள். அங்கே தொற்றிய பழக்கம் பின்னால் நுரையீரல் புற்றுநோயானால், எப்போது தொடங்கினான், ஏன் தொடங்கினான், நாளுக்கு எத்தனை என்று எழுதிக் கொடுத்துச் சேவையோடு முடிச்சுப் போட வழியுண்டு. 1997க்குப் பிறகு தொடங்கிய பழக்கத்துக்கு அது கிடையாது. காட்டு இலைகளை உதிர்க்க அமெரிக்கர் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு ரசாயனத்தின் கதை வேறு: 1985இல் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு அநேகமாக எல்லாக் குற்றச்சாட்டையும் தள்ளிவிட்டது, சிப்பாய்கள் கொதித்தார்கள். பிற்பாடு சில புற்றுநோய்களுக்கு அது காரணப் பட்டியலில் ஏறியது.

உன் அடுத்த வீட்டுக்காரரின் மைத்துனர் வியட்நாம் போனவர் என்று எழுதியிருந்தாயே, அவருக்கு 70 தாண்டிவிட்டதல்லவா? போர்ச் சேவைத் தகுதி இருந்தால் எல்லா மருத்துவத்துக்கும் செல்லும் தங்க அட்டை அவருக்கு உண்டு. மனச்சோர்வு போன்ற மனநலக் குறைகளுக்குச் சிகிச்சை பெற, அது சேவையால் வந்தது என்று நிரூபிக்கவே வேண்டாம். புதிய ஓய்வூதிய மனு போடுவதானால், 2026 ஜூலை 1 முதல் எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் வருகிறது. எந்தத் தேதியில் போடுகிறார் என்பது முக்கியம், முதலில் ஒரு முன்னாள் படைவீரர் சங்கத்து ஆலோசகரைப் பார்க்கச் சொல். அவர்கள் காசு வாங்குவதில்லை.

அவருடைய சேவை எண் தெரிந்தால் எழுது, பதிவேட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று படிவத்தோடு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்