காசிமேட்டு காயிலும் ஓசூர் காயிலும்

மச்சான்,

உன் பையன் பழைய ஏசி காயில் வாங்கி உடைக்கிற தொழிலுக்கு போறேன்றான்னு நீ போன் பண்ணப்ப நான் வண்டியில கீறேன், வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டாண்ட டிராபிக்ல சிக்கிகினு, பின்னாடி ஒரு ஏசி அவுட்டோர் யூனிட்டு கயிறு போட்டு கட்டி கீது, அதான் அப்பால பேசுறேன்டான்னு கட் பண்ணிட்டேன். அதுக்கு வாட்ஸ்அப்புல மூஞ்சிய தூக்கி வெச்சுகினு ஒரு பொம்ம அனுப்பிகீற. அம்பத்தி மூணு வயசுல உனக்கு இதெல்லாம் யார்ரா சொல்லிக் குடுத்தா. சரி, சாப்ட்டு படுத்துகினு டைப் பண்றேன், நீளமாத்தான் வரும், பொறுமையா படி.

இங்க எல்லாம் ஓடிகினு கீது. முட்டிதான் பேஜாரு. சன்ஷேடுல ஒத்தக் கால வெச்சுகினு அவுட்டோர் மாட்டுற வேலைய போன பொங்கலோட விட்டுட்டேன், இப்ப பெரியவன்தான் ஏறுறான், நான் கீழ நின்னு கயிறு புடிக்கிறேன், அதுக்கும் "நைனா நீ கொஞ்சம் தள்ளிக்கோ"ன்றான். புது ஏசி மாட்ட போற வீட்டுல பாதி பேரு பழச இட்டுனு போப்பா, இடத்த அடைக்குதுன்னு குடுத்துடுறாங்க, இல்ல கூலியில கழிச்சுக்குறாங்க. அப்படி சேந்து சேந்து எங்க வீட்டு பின்சந்துல இப்ப பதினோரு பெட்டி கீது. உன் தங்கச்சி துணி காயப்போட இடமில்லன்னு டெய்லி ஒரு பாட்டு. அதுக்குதான் நான் உக்காந்து உடைக்க ஆரம்பிச்சதே, தொழில்னு நெனச்சு ஆரம்பிக்கல.

உன் பையன் இன்னா சொல்றான், காயில, அதான் காப்பர் பைப்புல மெல்லிசா அலுமினிய ஃபின்ன அடுக்குன கூட்ட, மொத்தமா வாங்கி காப்பர தனியா அலுமினியத்த தனியா பிரிச்சு போட்டா டபுளு காசு, அதானே? வீடியோவுல பாத்திருப்பான். அதுல முப்பது செகண்டுல பைப்ப உருவிடுவானுங்க. நானும் பாத்துட்டு வாயப் பொளந்தவன்தான்.

நான் ஒண்ண உக்காந்து எடை போட்டே பாத்தேன்டா. ஒன்றரை டன் விண்டோ ஏசியோட கண்டென்சர், அதான் சூட்ட வெளிய தள்ளுற காயில், மாதவரத்துலேர்ந்து வந்தது, நல்லா கெட்டியா இருந்துது. முழுசா 6 கிலோ 400. ரெண்டு பக்கமும் இருக்கிற இரும்பு தகடு 550 கிராம். பிரிச்சு முடிச்சப்ப காப்பர் 2 கிலோ 600, அலுமினியம் 3 கிலோ 100, மிச்சம் 150 தூசியும் அழுக்கும். காப்பர் பத்து ரூபான்னா இந்த ஃபின்னுக்கு ஒன்றரை ரூபாதான் குடுப்பான்னு வெச்சுக்கோ, அதுவும் நடுவுல காப்பர் துண்டு இருந்தா, மண்ணு இருந்தா அதுக்கும் கழிவு. இரும்பு தகட்ட மட்டும் வெட்டிட்டு காயில அப்படியே போட்டிருந்தா கிலோவுக்கு அந்த கணக்குல நாலே முக்கா கிட்ட வந்திருக்கும். கூட்டி கழிச்சு பாரு, பிரிச்சதுல எனக்கு கூட வந்தது கால் கிலோ காப்பர் காசு, கொஞ்சம் கூட இருக்கும். அதுக்கு நான் உக்காந்தது மூணு மணி நேரம். ரெண்டு கிரைண்டர் வீல் போச்சு. கையில ஏழு எடத்துல கீறல், ஃபின்னு பிளேடு மாதிரிடா, கிளவுஸ் போட்டாலும் மணிக்கட்டுல வந்து கீறும்.

இவ்ளோ லொள்ளு ஏன்னு நீயே யோசி, நம்ம ரெண்டு பேரும் ஐடிஐல படிச்சதுதான். ஃபின்ன அடுக்கி, ஓட்டையில பைப்ப சொருகி, அப்புறம் பைப்புக்குள்ள ஒரு குண்ட தள்ளுவானுங்க ஞாபகம் கீதா, பைப்பு உள்ளேர்ந்து உப்பி ஃபின்னோட கழுத்த இறுக்கி புடிச்சுக்கும். ஒட்டல, பத்த வெக்கல, வெறும் இறுக்கம்தான். அந்த இறுக்கம் இருந்தாத்தான் சூடு பைப்புலேர்ந்து ஃபின்னுக்கு போகும். கூலிங்குக்காக பண்ணது இப்ப நம்ம கைய கடிக்குது. ஒரு இன்ச்சுல பதினஞ்சு பதினாறு ஃபின்னு, எல்லாம் ஒவ்வொரு பைப்பையும் தனித்தனியா புடிச்சுகினு கீது. பைப்பு வரிசைக்கு நடுவுல கிரைண்டர விட்டு நீட்டுக்கு அறுத்து, அப்புறம் ஸ்குரூ டிரைவர சொருகி நெம்பி, கொத்து கொத்தா புடுங்கணும். மெஷின் இருந்தா வேற கதை, அது கிழிச்சு துப்பிடும். கையில பண்றவனுக்கு இல்ல.

இப்ப மேட்டருக்கு வரேன். போன மாசம் காசிமேடு ஹார்பர் பக்கத்துல ஒரு ஐஸ் கம்பெனி ஆபீஸ் ரூமுலேர்ந்து ஒரு ஸ்பிளிட்டு கழட்டுனோம். மாட்டி அஞ்சு வருஷம் கூட ஆகலயாம். அவுட்டோர் மூடிய தொறக்குறேன், ஃபின்னே இல்லடா. வெள்ள வெள்ளயா பவுடரு, உப்பளத்த பாத்த மாதிரி கீது. விரல வெச்சு தேச்சேன், அப்பளம் மாதிரி நொறுங்கி கொட்டுது, உள்ள பைப்பு பச்ச பூத்து மொழுமொழுன்னு நிக்குது. ஒரு இரும்பு பிரஷ்ஷ எடுத்து நாலு இழுப்பு, மூங்கில் தட்டிய ஆட்டுற மாதிரி ரெண்டு ஆட்டு, இருபது நிமிஷத்துல காப்பர் தனியா வந்துடுச்சு. கடல்காத்துல உப்பு ஈரம் இருக்கா, காப்பரும் அலுமினியமும் ஒண்ண ஒண்ணு தொட்டுகினு இருந்தா அலுமினியம்தான் முதல்ல கரையும், காப்பருக்கு பதிலா அது சாவும். பேட்டரி மாதிரி. ஏசி வெச்சவனுக்கு நஷ்டம், ஆனா காயிலா எடை போட்டா கிலோவுக்கு காப்பர் கூட, ஏன்னா அலுமினியம் பாதி ஏற்கனவே காத்துல போயிடுச்சு. ஆனா காயலான் கடை அண்ணாச்சி அதையும் சாதா காயில் ரேட்டுலதான் எடுப்பேன்றாரு. அதனால கடலோர காயில நான் பிரிச்சுத்தான் போடுறேன், கடலுக்கு தள்ளி இருக்கிற ஏரியா காயில பிரிக்கிறதில்ல. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வந்தா ஒரு கணக்கு, பெரம்பூர், மாதவரம், கொளத்தூர் வந்தா வேற கணக்கு.

உன் ஓசூர்ல கடல் இல்ல, மச்சான். அங்க வர்ற காயில் எல்லாம் புது மாப்ள மாதிரி ஜம்முனு இருக்கும், ஒரு ஃபின்னு கூட சும்மா வராது. அது மட்டுமா, உங்க ஊரு குளுருக்கு வீட்டுல எத்தினி பேரு ஏசி போடுறான் சொல்லு, கம்பெனி சரக்க நம்பித்தான் நிக்கணும், அத ஏற்கனவே பெரிய ஆளுங்க டெண்டர்ல தூக்குவானுங்க.

அடுத்து, எரிக்கிறது. பையன் கேப்பான், கண்டிப்பா கேப்பான், அலுமினியம் 660 டிகிரியில உருகும், காப்பர் 1,085ல தான் உருகும், அப்ப சூடு பண்ணா அலுமினியம் ஒழுகிட்டு காப்பர் நிக்குமேன்னு. கேக்க சோக்கா இருக்கும். ஆனா உருகுன அலுமினியம் காப்பர் மேல பட்டா சும்மா இருக்காது, காப்பரையும் கரைச்சு இழுத்துக்கும், ரெண்டும் சேந்தா 548 டிகிரியிலயே உருக ஆரம்பிச்சுடும். மெல்லிசு பைப்பு ஓட்ட ஓட்டயா போயிடும், மிச்சம் நிக்கிறதும் மேல வெள்ள திட்டு திட்டா ஒட்டிகினு, கடைக்காரன் பாத்தவுடனே ரேட்ட பாதியாக்கிடுவான். அதுக்கு மேல அந்த பொக. உள்ள எண்ணெ இருக்கும், கொஞ்சூண்டு ஆர்22, அதான் பழைய ஏசியோட கூலிங் கேஸ், தங்கி இருந்தா நெருப்புல பட்டு பாஸ்ஜீனா மாறும், முதல் உலகப்போர்ல ஆள கொல்ல விட்ட கேஸ்டா அது. கொடுங்கையூர் குப்பமேட்டு பொகையில வளந்தவனுங்க நாம, இன்னும் நமக்கு எதுக்கு அது.

கேஸ் விஷயத்துல நான் திருந்திட்டேன், சிரிக்காத. நம்ம காலத்துல இன்னா பண்ணோம், ஃப்ளேர் நட்ட லூஸ் பண்ணி புஸ்ஸுன்னு விட்டுட்டு டீ குடிக்க போயிடுவோம். ஒரு வாட்டி உன் கட்டவெரல்ல பட்டு வெள்ளயாயி தோலு உரிஞ்சுதே, ஆர்22 மைனஸ் 40 டிகிரியில கொதிக்கிற சரக்கு, படாம இன்னா பண்ணும். சர்வீஸ் ஆளுங்களுக்கு நடத்துன ஒரு டிரெய்னிங்ல சொன்னாங்க, ஒரு கிலோ ஆர்22 காத்துல விட்டா 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்ட மாதிரியாம். அன்னிக்கி மத்தியானம் சோறே எறங்கல, முப்பது வருஷமா எத்தினி சிலிண்டர் விட்டிருப்போம்னு மனசுக்குள்ள கணக்கு ஓடிகினே இருந்துது. இப்ப ஓடுற யூனிட்டா இருந்தா லிக்விட் வால்வ மூடி பம்ப் டவுன் பண்ணி கேஸ அவுட்டோருக்குள்ள பூட்டிட்டுத்தான் கழட்டுறோம், அப்புறம் ரெக்கவரி மெஷின் வெச்சிருக்கிற ஒரு பையன்கிட்ட குடுத்து சிலிண்டர்ல எடுக்கச் சொல்றேன். உன் பையனுக்கு ஒண்ணு மட்டும் அடிச்சு சொல்லு, இப்ப வர்ற ஆர்32 லேசா பத்திக்கிற கேஸ், அது உள்ள இருக்கிறப்ப கிரைண்டர வெச்சான்னா பொறி பறக்கும், மூடுன ரூமுல விளையாடக் கூடாது.

அப்ப நான் இன்னாதான் பண்றேன்னு கேக்குறியா. ரெண்டு முனையையும் மட்டும் வெட்டுறேன், பத்து நிமிஷ வேல. தகட்டுக்கு வெளிய நீட்டிகினு இருக்கிற யு பெண்டு இருக்கில்ல, ஒரு பக்கம் பைப்பையே வளச்சது, அதுல பத்த வெச்ச இடமே இருக்காது, சுத்த காப்பரு. எதுத்த பக்கம் பிரேசிங் பண்ண பெண்டு, அதான் ராட உருக்கி பத்த வெச்சது, அந்த ராடு ஒட்டிகினு இருக்கும், அத தனியா வெக்கணும். ரெண்டையும் ஒரே சாக்குல போட்டா மொத்தத்துக்கும் கம்மி ரேட்டுதான் போடுவான். முனை போயிட்டா இரும்பு தகடும் தானா கழண்டுடும், நடு காயில் இரும்பில்லாம சுத்தமா போகும். கூடவே இன்டோர் அவுட்டோருக்கு நடுவுல ஓடுற பைப்பு, அத ஸ்லீவ உரிச்சிட்டு போட்டா மொத்த ஏசியில நல்ல ரேட்டு அதுக்குதான். பழைய விண்டோ ஏசி காயில் மூணு நூல், அதான் ஒன்பதரை எம்எம் பைப்பு, கனமா இருக்கும், இப்ப வர்றது ஏழு எம்எம், அஞ்சு எம்எம்னு ஸ்டிரா மாதிரி ஆயிடுச்சு. சிலது முழுக்க அலுமினியமே, பைப்பும் தட்டையா இருக்கும், அத காப்பர்னு நெனச்சு வாங்குனா போச்சு. அரத்த எடுத்து ஒரு இழுப்பு இழுத்து பாத்துட்டுத்தான் காச எண்ணணும்.

மிக்ஜாம் புயல் வந்துதே 2023 டிசம்பர்ல, அப்ப தரையில வெச்ச யூனிட்டு எல்லாம் முழுகி, அடுத்த வருஷம் பூரா சேறு அப்புன காயில்தான். அண்ணாச்சி தராசுல வெச்சுட்டு ஒரு தட்டு தட்டுனாரு, அரை கிலோ மண்ணு கொட்டுச்சு, "இதுக்கும் காசு வேணுமா"ன்னு என்னையே பாக்குறாரு.

அதவிட ஒரு அசிங்கம் கேளு. ரெண்டு வாரத்துக்கு முன்ன தண்டையார்பேட்டையில ஒரு பழைய கஸ்டமர் வீட்டு விண்டோ ஏசி, முனைய வெட்ட திருப்புறேன், கீழ் பெண்டுல கறுப்பா ஒரு உருண்ட எம்-சீல். பக்கத்துல மார்க்கர்ல 2011ன்னு என் கையெழுத்து. லீக்க பிரேசிங் பண்ணாம எம்-சீல் அப்பிட்டு வந்திருக்கேன்டா! அந்த ஆளுகிட்ட பிரேசிங்குக்குதான் காசு வாங்கியிருப்பேன், வேற இன்னா. பெரியவன் எட்டிப் பாத்துட்டு "யார் நைனா இந்த கலீஜ் வேல பண்ணது"ன்றான். கம்முனு வெட்டி தூரப் போட்டேன்.

கம்ப்ரசர உடைக்க வேணாம்னு சொல்லு, உள்ள காப்பர் இருக்கு உண்மைதான், ஆனா எண்ணெ வழிஞ்சு இடமே நாறும், முழுசா போட்டாலே தனி ரேட்டு. ஃபேன் மோட்டார்ல வைண்டிங்கு சிலதுல அலுமினியம், கீறி பாக்கணும். கெப்பாசிட்டர தொடுறதுக்கு முன்ன சார்ஜ எறக்கணும், அது நம்ம ரெண்டு பேருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இன்னொண்ணு, மொத்தமா வாங்கி உடைக்கிறதுன்னா 2023 ஏப்ரல்லேர்ந்து புது இ-வேஸ்ட் ரூல் கீது, ஏசியும் அதுல வருது, ரீசைக்ளர்னு ரிஜிஸ்டர் பண்ணாம பண்ணா மாட்டுவான். நான் மட்டும் பெரிய யோக்கியனான்னு கேப்ப, என் சந்துல பதினோரு பெட்டிக்கு செக் பண்ண ஒருத்தனும் வரமாட்டான், உன் பையன் லோடு லாரியில எறக்குனா செக் பண்ண வருவான். அதனால பையன் முதல்ல சர்வீஸ் வேலய கத்துக்கட்டும், கழட்டுற எடத்துல வர்ற சரக்கு முனை வெட்டி போட்டாலே டீசல் செலவு போக கையில நிக்கும். இல்ல காயில்தான்னு அடம் புடிச்சான்னா ரெண்டு மாசம் இங்க அனுப்பு, கடல் தின்னதுல ஆரம்பிச்சு கெட்டி காயில் வரைக்கும் உக்கார வெச்சு காட்டுறேன், மூணாவது நாளே கைய பாத்துட்டு அவனே முடிவு பண்ணிப்பான்.

வேற இன்னா. நம்ம கேரம் கிளப்புல போர்டு மாத்திட்டாங்க, ஸ்டிரைக்கர் வழுக்கிகினு ஓடுது, எனக்கு செட்டே ஆகல. நீ வந்தா மெட்ரோவுல விம்கோ நகர் வரைக்கும் போய் வரலாம், அப்புறம் செகண்ட் லைன் பீச்ல அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ். டாக்டர் எண்ணெ கூடாதுன்னாரு, அன்னிக்கி ஒரு நாள் பரவால்ல.

பையன அனுப்புறப்ப அவன் கையில என் கேஜ் செட்ட, அதான் கேஸ் பிரஷர் பாக்குறத, குடுத்து அனுப்பு. 2009ல ஒரு வாரத்துக்குன்னு வாங்கினு போன, ப்ளூ ஹோஸ்ல வாஷர் போயிருந்துது, அத மாத்திட்டு அனுப்பு.